பதினைந்து வீடும் ஒரு வெற்று மனையும்

எங்கள் காலனியில் வீடுகள் நகர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் லாரி வந்து போன பிறகு. முதலில் நகர்ந்தது பன்னிரண்டாம் நம்பர். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, கொடியில் இரண்டு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது, வாசற்படியில் பூனை படுத்திருந்தது. உலை பொங்காமல், லுங்கி விழாமல், பூனை எழுந்திருக்காமல், கரையில் வள்ளத்தை இழுக்கும்போது வருமே ஒரு சரசரப்பு, அந்தச் சத்தத்தோடு வீடு தெற்கே போய்ப் பதினாறாம் மனையில் நின்றுகொண்டது.

உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய நாங்கள் சொசைட்டி வைத்துக் கட்டிக்கொண்ட காலனி இது. நாலு வரிசை, வரிசைக்கு நாலு மனை. பதினாறாம் மனையில் கூட்டம் போட ஒரு ஹால் கட்டப்போவதாகச் சொன்னார்கள். முப்பத்தோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகப் பதினைந்து வீடு, ஒரு வெற்று மனை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் மூன்றடிச் சந்து. காலனிக்கு ஒரே கேட், அது ஒன்றாம் நம்பர் வீட்டு வாசலில். ஆட்டோ அதுவரைதான் வரும்.

ஒன்றாம் நம்பர் எனக்கு வந்திருக்க வேண்டியது. குலுக்கல் அன்றைக்கு, பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டு, சொசைட்டியில் சேர்ந்த வரிசைப்படி எடுக்கச் சொன்னார்கள். என் பெயர் மிக்கேல். எனக்கு அடுத்த பெயர் தொம்மை. என் முறை வந்து நான் கையை நீட்டும்போது, “நகரும் வே” என்று என்னைத் தோளால் இடித்துவிட்டுத் தொம்மை டப்பாவுக்குள் கையை விட்டான். அவனுக்கு ஒன்று வந்தது. அடுத்து எடுத்த எனக்குப் பதினொன்று. அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் ஒரே கப்பல் தளத்தில் அவன் சிக்னல்மேன், நான் வின்ச் ஓட்டுகிறவன்; அவன் கையைத் தூக்கினால் தூக்குவேன், இறக்கினால் இறக்குவேன், உள்ளங்கையை விரித்தால் அந்தரத்தில் நிறுத்துவேன், ஒரு நாளும் ஒரு சரக்கும் விழுந்ததில்லை, ஒரு நாளும் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

வீடு நகர்ந்ததற்கு வருகிறேன். கேட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி எங்கள் படிப்பகம். ஏதோ ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் புதுசு வாங்கியபோது பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் எல்லாம் செத்துப்போய் ஒரே ஒரு விளையாட்டு மட்டும் உயிரோடு இருந்தது. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா, பேப்பர் வருகிறவரை பொழுது போகாமல் அதைத் திறந்து பன்னிரண்டாம் கட்டையை அழுத்தியிருக்கிறாள். ஜன்னல் வழியே பார்த்தால் பன்னிரண்டாம் வீடு நகர்ந்து நிற்கிறது. திரும்ப அழுத்தினாள், வீடு திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அழுத்தாமல் எழுந்து ரோட்டைத் தாண்டி வந்து, “யாருக்கும் அடி கிடி படலையே?” என்று கேட்டாள். பன்னிரண்டாம் வீட்டுக்காரி, “அடி ஒண்ணும் படல, ஆனா அந்தப் பக்கம் நல்லா காத்து வந்துது, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டிருக்கலாம்லா” என்றாள்.

ஏன் நகருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. ஆறாம் மனையில் நிற்கும் முருங்கை, வீட்டோடு வராமல் அங்கேயே நிற்கிறதே, காய் யாருக்கு? நிற்கிற வீட்டுக்கு என்று தீர்ந்தது. குழாயும் அப்படியே. தபால்காரர் இரண்டு நாள் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினார். மூன்றாம் நாள் கேட்டில் நின்று பெயரைக் கூப்பிட்டார், அது அவருக்குச் சுலபமாகப் போய்விட்டது. பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்துத் தண்ணீர் தெளித்தபோது, மனைக்குத் தெளிப்பதா வீட்டுக்குத் தெளிப்பதா என்று கொஞ்சம் யோசித்து இரண்டுக்கும் தெளித்தார். கோழிகள் மட்டும்தான் கஷ்டப்பட்டன. சாயங்காலம் பழைய இடத்துக்குப் போய் நின்று, வேறு வீட்டுக் கதவைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தன. பிறகு அவையும் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் போகப் பழகிவிட்டன.

சனிக்கிழமை நகர்த்துகிற நாள் என்று முடிவானது. மாதா சிலை வைத்த கெபியின் மணியை மூன்று தட்டு தட்டினால் சந்தில் யாரும் நிற்கக் கூடாது. படிப்பகத்தில் இருக்கும் ஜெசிந்தாவுக்குக் கேட்டுக்கு உள்ளே நடப்பது முழுதும் தெரியாது. ஆகவே மதில்மேல் ஏறி நின்று சைகை காட்ட ஒரு ஆள் வேண்டும். சிக்னல்மேன் ஒருவன் இருக்கும்போது அதற்கு யார் போய் நின்றிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கே விளங்கியது. சதுரமான ஒரு பெட்டி. அதில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை நம்பர் போட்ட கட்டைகள், ஒரு இடம் காலி. காலியிடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற கட்டை மட்டும்தான் நகரும். மேலே, கீழே, இடது, வலது. மூலைக்கு மூலை போகாது, ஒன்றை ஒன்று தாண்டாது. கலைந்து கிடக்கும் நம்பர்களை வரிசைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஆடுகிறவன் தனக்கு வேண்டிய கட்டையையே துரத்துவான். அது தப்பு. காலியிடத்தைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கட்டை தானாகப் பின்னால் வரும். முதல் வரிசையை முதலில் முடி, அதைத் தொடாதே, பிறகு அடுத்த வரிசை. ஆனால் வரிசையின் கடைசிக் கட்டை நேராக வந்து உட்காராது. ஏற்கெனவே சரியாக உட்கார்ந்திருப்பதைக் கொஞ்சம் எழுப்பி, ஒதுக்கி, வந்தவனை உள்ளே விட்டு, எழுப்பியவனைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். அந்த நேரம் பார்க்கிறவனுக்கு எல்லாம் கெட்டுப்போனது போலத் தெரியும். பொறுக்க வேண்டும். எனக்குப் பொறுக்கிற பழக்கம் இல்லாததால் நான் ஆடவில்லை, பின்னால் நின்று பார்த்ததோடு சரி.

இப்போது என் மனைவி பிலோமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். நடக்க முடியாது என்றில்லை, ஆறேழு எட்டு எடுத்து வைப்பாள், அதற்கு மேல் மூச்சு வாங்கும். மூன்றாம் வரிசையிலிருந்து கேட்டுவரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போவோம். முன்காலில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் கூப்பிடாமலே வந்து பிடித்த தொம்மை. ஒரு மழை நாளில் சந்தில் என் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. பிலோமி இடது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வலது பக்கமாக விழுந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஊசி போடுற அந்தக் கையில அடிபட்டா வேற இடம் கிடையாது, தெரியும்ல?” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு திங்களும் வியாழனும் அந்தச் சந்து எனக்குத் தூக்குக் கயிறு போல நீண்டுகொண்டே போனது.

வீடுகள் கலைந்து திரிந்த மாதங்களில் எங்கள் வீடு இரண்டாம் வரிசை வரை வந்து நின்றது. அப்போது பதினைந்து எட்டு வைத்தால் கேட். பிலோமி ஜன்னலோரம் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஆட்டோ ஹாரன் பக்கத்திலேயே கேட்கிறது என்று சிரித்தாள்.

ஆனால் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. விருந்தாளி வந்தால் வழி சொல்ல முடியவில்லை. குடித்துவிட்டு வந்தவன் அடுத்த வீட்டில் படுத்துக்கொண்டு தன் வீடு என்று சாதித்தான். மாதா திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன் எல்லோரும் அவரவர் பழைய மனைக்குப் போய்விடுவது என்று கூட்டத்தில் பேசி முடித்தார்கள்.  நியாயம்தானே. வீட்டுக்கு வந்து சொன்னபோது பிலோமி முகட்டைப் பார்த்துக்கொண்டு, “அப்ப நாம மறுபடி உள்ள போகணும்” என்றாள். 

மறுநாள் காலை தொம்மை வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக அவளிடம் பேசினான்.

“பிலோமி, ஒங்க வீடு ஒண்ணாம் மனைக்குப் போவட்டும். நான் பதினொண்ணுக்குப் போயிருதேன். ஜெசிந்தாகிட்ட சொல்லிட்டேன்.”

“எதுக்கு அண்ணே ஒங்களுக்குச் சிரமம்?”

“எனக்கு என்ன சிரமம்? கேட்ல போற வாற நாயி பேயி எல்லாம் என் வாசல்லதான் வந்து மணி கேக்குது. உள்ளே போனா நிம்மதியாத் தூங்குவேன்.”

பிலோமி சும்மா விடுகிறவள் இல்லை. “அண்ணே, நானும் இத்தனை வருசமா கேக்கணும்னு இருக்கேன். அன்னைக்குச் சீட்டு எடுக்கையில ஏன் இவரை இடிச்சிட்டு முந்துனீங்க?”

தொம்மை தரையைப் பார்த்தான். “மூத்திரம் முட்டிக்கிட்டு நின்னுச்சு பிலோமி. காலையில இருந்து கூட்டம் பேசுனாங்க பாரு.”

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருடம் சுமந்த ஒன்றை ஒரு மூத்திரத்துக்காக இறக்கி வைக்க முடியுமா? நான் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை மணி தட்டினார்கள். ஜெசிந்தா முதல் வரிசையை முடித்தாள். எங்கள் வீடு கேட்டுக்கு அருகே போய் நின்றது, பிலோமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வரிசை முடிந்தது. தொம்மை வீடு மூன்றாம் வரிசையில் பதினொன்றில் போய் நின்றது. கடைசி வரிசையில் மட்டும் பதினைந்தும் பதினாலும் இடம் மாறி நின்றன. கலைத்து மறுபடி அடுக்கினாள். மறுபடியும் அந்த இரண்டு. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாம் சனிக்கிழமை ஜெசிந்தா படிப்பகத்தை விட்டு வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“மிக்கேல் அண்ணே, இது என் தப்பு இல்ல. இந்த ஆட்டத்துல ஒரு ஜோடி மட்டும் இடம் மாறி மத்ததெல்லாம் பழையபடி நிக்கிறதுங்கிறது நடக்கவே நடக்காது. ஒரு வருசம் ஆடுனாலும் நடக்காது. இன்னொரு ஜோடியும் மாறணும். எந்த ஜோடின்னாலும் சரி.”

“யாரும் மாறலேன்னா?”

“நீங்க பதினொண்ணுக்கே போக வேண்டியதுதான்.”

ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் பிலோமிமேல் இரக்கம் இருந்தது, எல்லோருக்கும் ஒரு காரணமும் இருந்தது. முருங்கைக்காரனுக்கு முருங்கை. மூலை வீட்டுக்காரிக்கு மூலை. ஒருத்தன் தன் மகளுக்கு இந்த மனையில் வைத்துத்தான் வரன் வந்தது என்றான். பதினாலாம் நம்பர் கோமஸ் மட்டும், “எனக்கு எங்க இருந்தா என்ன, முழங்கால் வலி, நடந்து போயி காத்து வாங்க முடியாது, கடைசி வரிசைக் காத்து போகக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். கடைசி வரிசையில் பதின்மூன்று அந்த மூலை வீட்டுக்காரியுடையது. மிஞ்சியது பதினைந்து. பதினைந்தில் சலேத்தம்மாள். அவள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

வராததற்குக் காரணம் நான். சலேத்தம்மாள் கருவாடு விற்கிறவள். பக்கத்து வெற்று மனையில் கம்பு நட்டுப் பரண் கட்டி மீன் காயப்போடுவாள். பதினாறு வருடத்துக்கு முன் நான் கூட்டத்தில் எழுந்து, என் வீட்டில் சோறு இறங்கவில்லை, நாற்றம், என்று கத்தி, பரணைப் பிடுங்க வைத்தேன். பிடுங்கிய கம்புகளை அவள் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக் கொண்டுபோனாள். அதிலிருந்து ரோட்டோரத்தில் பாய் விரித்துக் காயப்போடுகிறாள், லாரித் தூசியில். நான் அதை மறந்துவிட்டேன். எனக்கு இழைக்கப்பட்டதைத்தான் நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

அந்தச் சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்றேன். மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உப்புக் கையை முந்தானையில் துடைத்தாள். 

“பதினாறு வருசமா நீரு ஒரு நாள் இந்த வாசல்ல வந்து நிப்பீருன்னு காத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். “கொளம்பு கொதிக்கையில, பஸ்சுக்கு நிக்கையில, என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். இப்ப வந்து நிக்கீரு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்கு.”

எனக்கு அவளை நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்ததுபோல் தெரிந்தது. இவள் மனதில் முதலில் இருப்பது நான்தான், என் மனதில் தொம்மை இருப்பதுபோல.

“ஞாபகம் வரும்வரை நிக்கேன், சலேத்தம்மா.”

“கால் வலிக்கும்.”

“வலிக்கட்டும்.”

அவள் உப்புப் போட்டாள். நான் நின்றேன். கூடை காலியாகிற நேரத்துக்குத் தலையைத் தூக்காமல் கேட்டாள்: “பிலோமிக்கு அந்தக் கை எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. சந்து வழியாத் தூக்கிட்டுப் போறதுதான் பயம்.”

“ஒமக்காக இல்ல, கேட்டுக்கிடும்.”

“தெரியும்.”

“நான் பதினாலுக்குப் போறேன். ஆனா பதினாறாம் மனையில பரணு திரும்ப வரணும். நீரு பிடுங்க வச்ச அதே இடத்துல. ஒம்ம கையால குழி தோண்டி, ஒம்ம கையால கம்பு நடணும். வேற ஆள் வச்சு நட்டா நான் ஒத்துக்கிட மாட்டேன்.”

நான் சரி என்றேன். ஜெசிந்தாதான் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, அந்தக் காலி இருக்கிறதாலதான் வீடு நகருது. அங்க கம்பு நட்டா அப்புறம் ஒரு வீடும் அசையாது. யார் எங்க நிக்கிறாங்களோ அங்கதான்.” கூட்டத்தில் அதைச் சொன்னபோது எல்லோரும் தொம்மையைப் பார்த்தார்கள், ஏனென்றால் இனிமேல் அவனுக்குக் கேட் கிடையாது, வேண்டும் என்று பிறகு தோன்றினாலும் கிடையாது. தொம்மை காதைச் சொறிந்துகொண்டு, “கம்பை நடுங்க, நடுங்க, எனக்குத் தூக்கம் வருது” என்றான்.

சனிக்கிழமை மணி மூன்று தட்டு. சரசரவென்று முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கடைசியில் கோமஸ் வீடும் சலேத்தம்மாள் வீடும் இடம் மாறி நின்றன, காலி மனை பழையபடி தென்கிழக்கு மூலைக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை யாரும் கலைக்கச் சொல்லவில்லை. ஜெசிந்தா மவுசை விட்டுக் கையை எடுத்தாள்.

திங்கட்கிழமை ஆட்டோ வந்தது. பிலோமி என் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது எட்டில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். ஏறி உட்கார்ந்தவள், வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, “இவ்வளவுதானா!” என்றாள், யாரோ தன்னை இத்தனை நாள் ஏமாற்றிவிட்டது போல. டிரைவர் வண்டியை எடுக்கிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நான் குழி தோண்டினேன். எட்டுக் குழி. உப்பு மண், கடப்பாரை இறங்கவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தது. சலேத்தம்மாள் கோமஸ் வீட்டு முற்றம் வழியாக வந்து, இடுப்பில் கையை வைத்து நின்று, மூன்றாவது கம்பு கோணல் என்று பிடுங்கி நட வைத்தாள், ஐந்தாவதையும் பிடுங்க வைத்தாள். கடைசிக் கம்பை மிதித்து இறுக்கியதும், படிப்பகத்திலிருந்து ஜெசிந்தா சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் அசையவில்லை. வீடுகள் எல்லா ஊர் வீடுகளையும் போல நின்றன. சலேத்தம்மாள் நெத்திலியும் சாளையும் பரப்பினாள். வெயில் ஏறியது. காற்று வடமேற்காகத் திரும்பியது.

பதினொன்றாம் மனை, பரணுக்கு மூலைக்கு மூலை. பின்கதவு திறந்தது. தொம்மை மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வெளியே வந்தான். பரணைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், கடப்பாரையோடு நிற்கும் என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர். அந்த இடத்தில் பதினைந்து வருடம் நான் என்ன பாடுபட்டேன் என்பது உலகத்தில் இப்போது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“பழகிரும் வே” என்றேன்.

தொம்மை துண்டை மெதுவாக இறக்கினான். “எத்தனை நாளு ஆகும்?” என்று கேட்டான்.

கேட்டுவிட்டான். அதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.